இடது காதுக்கு ஒரு கையெழுத்து

அனுப்புநர்
தங்கள் அலுவலகத்துக்கு ஏற்கெனவே பதினொரு மனுக்கள் அனுப்பியவர்.

பெறுநர்
குழந்தைகள் நல அலுவலர் அவர்கள்,
மூன்றாவது மாடி.

பொருள்: ஒன்பது வயதுப் பெண் குழந்தையின் இடது காது அறுவை சிகிச்சை – தகப்பன் வீட்டிலேயே இருந்தும் கையெழுத்திட ஆள் இல்லாமை – தொடர்பாக.

பார்வை: என்னுடைய முந்தைய பதினொரு மனுக்கள். அனைத்தும் 'மனுதாரர் குழந்தைக்குச் சட்டப்படி சம்பந்தமில்லாதவர்' என்ற குறிப்புடன் திருப்பப்பட்டவை.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினொரு மனு போட்டவன் எங்கே வாயை மூடியிருந்தான் என்று தாங்கள் கேட்கலாம். அவற்றில் 'பணிவுடன்', 'தாழ்மையுடன்' என்பவற்றைத் தவிர நான் உருப்படியாக எதையும் சொல்லவில்லை. இதில் சொல்கிறேன்.

1. நான் லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளர். தாங்கள் தினமும் காலையில் மூன்றாவது மாடிக்கு ஏறி வரும் லிஃப்டில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் இருக்கிறது. அதில் இருப்பது என் கையெழுத்து. அதை நம்பித்தான் ஒரே நேரத்தில் பதின்மூன்று பேர் தொங்குகிறார்கள். அதே கையெழுத்தை என் மகளின் இடது காதுக்குப் போட்டால் செல்லாது என்று அதே லிஃப்டில் ஏறி வந்தவர்கள் சொல்கிறார்கள்.

2. குழந்தையின் தாய் பல் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். திருமணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று நான் மூன்று முறை சொன்னேன். "நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல கவர்மென்ட் எதுக்குப்பா?" என்று மூன்று முறையும் சிரித்தாள். அவள் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது அரசாங்கம் நடுவில் இல்லை. அப்பா இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

3. விளக்கமாகச் சொல்கிறேன். மணமாகாத தாய் இறந்தால், பாதுகாவலர் நியமனம் முடியும்வரை குழந்தைகள் நல அலுவலரே இடைக்காலப் பாதுகாவலர் என்று தங்கள் உத்தரவு கூறுகிறது. ஆகவே என் மகளுக்குச் சட்டப்படி தாங்கள்தான் எல்லாம். பிறப்புச் சான்றிதழில் தந்தை என்று என் பெயர் இருக்கிறதே என்று முதல் கவுன்டரில் காட்டினேன். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் அம்மையார் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தகப்பன்னுதானே சார் போட்டிருக்கு? பாதுகாவலர்னு போடலியே" என்றார். நாளைக்கே நான் குழந்தைக்குச் சோறு போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அப்ப உங்களப் புடிச்சு உள்ள வைப்பாங்க. நீங்கதானே தகப்பன்?" என்றார்.

4. வேறு வழி உண்டா என்று கேட்டதற்கு, குழந்தையை நான் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சம்மதித்தேன். ஆனால் தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தத்துக் கொடுப்பதில்லையாம். "யாரையாவது கட்டிக்கிட்டு வாங்க சார், ஒரு வாரத்துல முடிச்சிடலாம்" என்று அந்த அம்மையாரே யோசனை சொன்னார். என் அக்காவிடம் இதைச் சொன்னேன். "அன்னைக்கே போய் ஒரு கையெழுத்தப் போட்டுத் தொலைங்கடான்னு தலையால அடிச்சிக்கிட்டேன்" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரு பெண் இருப்பதாகவும் சொன்னாள். இரண்டையும் நான் மன்னிக்கவில்லை.

5. குழந்தைக்கு இடது செவிப்பறையில் ஓட்டை. சீழ் உள்நோக்கிப் பரவுகிறது. இந்த மாதம் செய்யாவிட்டால் அந்தக் காது கேட்காமலே போகும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்கு மாதத்துக்கு முன் மருத்துவமனை ஒப்புதல் படிவத்தைத் தங்களுக்கு அனுப்பியது. பாதுகாவலர் கையெழுத்து வேண்டும் என்பதால், அலுவலர் என்ற முறையில் தாங்கள் அதைப் பாதுகாவலருக்கு, அதாவது தங்களுக்கே, அனுப்பி வைத்தீர்கள். பதில் வராததால் இரண்டு நினைவூட்டல்களும் அனுப்பியிருக்கிறீர்கள். கோப்பின் மேல் 'பாதுகாவலர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருப்பதை நானே பார்த்தேன். தங்களைப் பற்றித் தாங்களே வைத்திருக்கும் இந்த அபிப்பிராயத்தோடு எனக்கு முரண்பாடு இல்லை.

6. பாதுகாவலர் என்ற முறையில் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விவரங்கள். குழந்தை வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுப்பாள். அப்போது கூப்பிட்டால் கேட்காது. கத்தக் கூடாது, பாதத்தைத் தொட்டு எழுப்ப வேண்டும். தலைக்குக் குளிக்கும்போது இடது காதில் எண்ணெய் தொட்ட பஞ்சு வைக்க வேண்டும். இரட்டைப் பின்னலில் எனக்கு ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத்தான் வரும், தங்களுக்கு எப்படியோ. அவள் தங்களுக்கு 'ஆபீஸ் அப்பா' என்று பெயர் வைத்திருக்கிறாள். "ஆபீஸ் அப்பாவுக்கு என் காது வலிக்கிறது தெரியுமா? யாராச்சும் சொன்னீங்களா?" என்று போன வாரம் கேட்டாள். சொல்லியிருக்கிறேன் என்றேன். "அவருக்கும் காது கேக்காதா?" என்றாள்.

7. இனி மேல்வீட்டுக்காரர் விஷயம். என் துணிகளிலிருந்து சோப்பு நாற்றம் மேலே வருகிறது என்று ஆறு வருடமாக முகம் திருப்பிக்கொண்டு போகும் மனிதர். வலியில் குழந்தை அழுததைக் கேட்டுவிட்டு, கீழ்வீட்டில் ஒரு பெண் குழந்தையைப் போட்டு அடிக்கிறார்கள் என்று தங்களுக்கு மொட்டைக் கடிதம் போட்டார். (மாடிப்படியில் என்னைக் கண்டதும் அன்று மட்டும் சிரித்தார். வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.) பதினொரு மனுவுக்கு அசையாத தங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டாம் நாளே இருவர் வந்து நின்றார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள். பல் துலக்கும் பிரஷ்களை எண்ணினார்கள். பின்னலைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தார். கடைசியில் குறை ஏதும் இல்லை என்று எழுதினார்கள்.

8. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்ட மனுவுக்கு இல்லாத அவசரம் இதற்கு எதற்கு? மூத்தவர் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கையெழுத்து இருந்தா, போட்டவருக்குச் சம்பந்தம் இருக்கான்னு பாக்கணும் சார். மொட்டக் கடிதத்துல யாரப் போய்ப் பாக்கிறது? நேரா குழந்தையத்தான் பாக்கணும். மூணே நாள், ரூல்." வைத்தியம் செய்யாமல் போட்டு வைத்திருப்பதாகப் புகார் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன். "அது ரொம்ப சீரியஸ். அங்கயே ஆர்டர் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம். ஐயா போன்லயே ஒப்புதல் கொடுத்துடுவாரு" என்றார். நல்லவேளை உங்கள் மேல் அப்படி ஏதும் இல்லை என்று எனக்கு ஆறுதலும் சொன்னார்.

9. எனவே இதை என் மீதான புகாராக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். மேற்படி வீட்டில், குழந்தைக்குச் சட்டப்படி சம்பந்தமில்லாத நடுவயது ஆண் ஒருவர் வசிக்கிறார். எரிந்து விழும் சுபாவம். நான்கு மாதமாகக் குழந்தையின் காதுக்கு அறுவை சிகிச்சை செய்யாமல் வைத்திருக்கிறார். மருத்துவமனை குறித்துக் கொடுத்திருக்கும் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. தங்கள் ஆட்கள் உடனே வந்து பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு முன் வந்தால் இருவரும் வீட்டில் இருப்பார்கள். அந்த ஆள் தடுக்கமாட்டார். குழந்தையின் பையை நேற்றே எடுத்து வைத்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசல்வரை கூட வர மட்டும் அவரை அனுமதிக்கக் கோருகிறேன்.

இதை எழுதியது யார் என்று இந்நேரம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் விதி, தெரியுமா என்று கேட்பதில்லை. கையெழுத்து உண்டா என்று மட்டும்தான் கேட்கிறது.

இன்று தங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு வருடாந்திர ஆய்வு நாள். நிறுத்திவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கம்பி வடம், பிரேக், கதவு எல்லாம் சரியாக இருந்தன. சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாங்கள் தைரியமாக ஏறலாம். நானும் இப்போது அதில்தான் இறங்கி, வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் இதைப் போடப் போகிறேன்.

பதினொரு மனுவில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. இதில் போடப் போவதில்லை.

இடம்: தங்கள் அறைக்கு நேர் மேலே, லிஃப்ட் இயந்திர அறை.
நாள்: அறுவை சிகிச்சைக்கு ஒன்பது நாள் முன்பு.

இப்படிக்கு,