‘தீடா’ என்று சொன்னது

வெள்ளி, 11ந் தேதி

காலையிலிருந்து தூறல். ஏரிமேல் மூட்டம், அக்கரை தெரியவில்லை. சவரம் செய்தேன். லீவில் இன்னும் இரண்டு நாள். திங்கள் விடிகாலை ரெங்கம் தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் எண்ண நான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் துரை கத்துவார்.

காமு என்னோடு வருவாளா, தெரியவில்லை. அதற்குத்தான் வந்தேன். குழந்தை காய்ச்சலில் போன பிறகு, அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று வந்தவள். ஐந்து மாதம் ஆகிறது. அண்ணன், அதாவது என் மச்சான், இங்கே அணைக்கட்டில் மண்டோர், கூலியாட்களை வேலை வாங்குபவர். நல்ல மனிதர். மீனைப் பற்றி மட்டும் பேசுவார்.

முதல் இரண்டு நாள் சரியாகத்தான் இருந்தாள். ஊருக்குப் போகலாமா என்றேன், "பாப்போம்" என்றாள். மூன்றாம் நாளிலிருந்து பேச்சு இல்லை. சோறு போடுகிறாள், துணி துவைத்துப் போடுகிறாள். கேட்டதற்கு மட்டும் பதில். காரணம் புரியவில்லை.

செய்ய வேண்டியது: குடைக்கம்பி. மச்சானுக்குப் புகையிலை. அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு.

சனி, 12

வெயில். மச்சானோடு கரையில் மூன்று மணி நேரம். ஒரு மீனும் விழவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, அன்னிக்கு அந்த மலாய்க்காரம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னிக்கு?"

"துணி தொவைக்கிற எடத்துல. பிள்ள இருக்கான்னு கேட்டுச்சாமே."

ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு மாக் சோம். காமுவோடு சேர்ந்து துணி துவைப்பவள். "அனாக் அடா?" என்றாள். "தீடா" என்றேன். இல்லை. லீவுக்கு எழுதிய பாரத்திலும் பிள்ளைகள் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்றுதான் போட்டேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துப் பார்த்து, கட்டத்தில் போடுவதே வாயிலும் வருகிறது. காமு பின்னால் நின்று துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"அஞ்சு மாசமா காமு அந்தம்மாகிட்ட பிள்ளயப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்துச்சு. நீங்க வந்து இல்லேன்னுட்டீங்க."

"இப்ப இல்லதானே மச்சான்."

"இருந்துச்சுல்ல."

தூண்டிலை இழுத்துப் பார்த்தார். புழுவையும் காணோம்.

சாயங்காலம் காமுவிடம் பேசப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள், "நாளைக்கு எத்தன மணிக்குப் படகு?" என்றாள். எட்டு என்றேன். "ஒங்களுக்குச் சோறு கட்டி வைக்கிறேன்." ஒங்களுக்கு. திரும்பி வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. சுண்ணாம்பு மறந்துபோயிற்று.

ஞாயிறு, 13. படகில்

பென்சிலால் எழுதுகிறேன். மேகம், மழை இல்லை. சாமான்: பெட்டி 1, குடை 1 (கம்பி அப்படியே), மச்சான் கொடுத்த கருவாடு, சோற்றுப் பொட்டலம் 1.

காமு படித்துறை வரை வந்தாள். பொட்டலத்தை என் கையில் தரவில்லை, படகுப் பலகைமேல் வைத்தாள். மச்சான் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றார். படகோட்டிக் கிழவர் பேச்சுக்காரர். சம்சாரம் வரவில்லையா என்றார். சிரித்து வைத்தேன். அடுத்தது எல்லோரையும் கேட்பதுதான். "அனாக் அடா?"

அதே சொல் நாக்கு நுனிவரை வந்தது. நிறுத்திக்கொண்டேன். "அடா. சாத்து. பெரெம்புவான்," என்றேன். உண்டு, ஒன்று, பெண். வயது கேட்டார். ஏழு மாதம் என்றேன். "சுடா தா அடா." இருந்தது, இப்போது இல்லாமல் போயிற்று. என் மலாயில் அவ்வளவுதான் முடியும். பெயரை அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். செல்லம்மா. ஐந்து மாதத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

கிழவர் துடுப்பைக் கீழே வைத்தார்.

காமு ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "போலே துங்கு?" என்றாள். கிழவரிடம், என்னிடம் அல்ல. காத்திருக்க முடியுமா. அவர் தலையாட்டினார். வீட்டுப் பக்கம் நடந்தாள். மச்சான் கயிற்றை மறுபடி முளையில் கட்டினார்.

அரை மணி ஆகிறது. செனாயில் ரயில் தப்பிவிடும். தப்பட்டும்.

மேட்டில் தகரப் பெட்டியோடு வருகிறாள். மச்சான் வாங்கப் போகிறார், கொடுக்க மாட்டேன் என்கிறாள். பொட்டலத்தில் சோறு ஒருவருக்குத்தான். எனக்கு அவ்வளவாகப் பசி இல்லை.