என் உயிலை அண்ணனிடம் காட்டச் சொல்வது குறித்து

அனுப்புநர்
வ. சிந்துஜா (வயது 31),
க/பெ. வளவன்,
செங்கம் சாலை, ரமணாசிரமம் பகுதி,
திருவண்ணாமலை.

பெறுநர்
மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: பிரசவத்திற்கு முன் நான் எழுதிய உயிலைப் பதிவு செய்யாமல் நிறுத்தி வைத்திருப்பது – வரைவின் வாசகம் வெளியே சென்றது – உடனடி நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டு மாதக் கர்ப்பிணி. சிறு வயதில் வந்த காய்ச்சலால் என் இதய வால்வு ஒன்று சுருங்கியுள்ளது. பிரசவத்தில் என் உயிருக்கு ஆபத்து இருக்கலாம் என்று மருத்துவர் என்னையும் என் கணவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். 24.11.2025 அன்று சென்னையில் மருத்துவமனையில் சேர வேண்டும்.

2. நான் குடியிருக்கும் வீடும், ஆசிரமத்துக்கு வருவோர் தங்கும் மாடி அறைகள் நான்கும் என் தாயார் எனக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தவை. கீழ்பென்னாத்தூர் நிலம் என் அண்ணன் கோபிக்குச் சேர்ந்தது. அன்று இருவருமே சம்மதித்துத்தான் வாங்கிக்கொண்டோம்.

3. 24.10.2025 அன்று நானும் வேன் ஓட்டுநரான என் கணவரும் பத்திர எழுத்தர் திரு. மாறனிடம் சென்றோம். எனக்கு ஏதேனும் நேர்ந்தால் வீடு பிறக்கும் குழந்தைக்கு. குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்வரை தந்தை பராமரிக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. இவ்வளவுதான் நான் எழுதச் சொன்னது. மறுநாள் கொடுத்த வரைவில் நான் சொல்லாத வரி ஒன்று இருந்தது. குழந்தையும் உயிருடன் இல்லாவிட்டால் வீடு முழுவதும் என் கணவரைச் சேரும் என்பது அந்த வரி. கேட்டதற்கு, "உங்க வீட்டுக்காரர் சொன்னதுதாம்மா" என்றார் திரு. மாறன். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார் என் கணவர். யார் சொல்வது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

4. ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தபோது கணவரிடம் மறுபடியும் கேட்டேன். "அப்படின்னா என் பேர எடுத்துடு. யாருன்னு தோணுதோ எழுதிக்க. எங்கிட்டகூட சொல்ல வேணாம்" என்றார். ஆறு வருடம் உடன் வாழ்ந்தவரிடம் இப்படிக் கேட்டது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர் பெயரை எடுத்துவிட்டேன். வரைவைக் கிழித்துப் போட்டு, 29.10.2025 அன்று உயிலை என் கையாலேயே எழுதினேன். சாட்சிகள் இருவரும் நான் கையெழுத்திட்டதைப் பார்த்தார்கள், வாசகத்தைப் படிக்கவில்லை.

5. 02.11.2025 ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, "கொழந்தையும் தங்கலன்னா வூடு உம் புருஷனுக்குனு எழுதிட்டியாமே. எழுதுனது நீயா, அவனா?" என்று கேட்டார். ஐயா, அந்த வரி நான் கிழித்த வரைவில் மட்டுமே இருந்தது. அதைப் படித்தவர்கள் நான், என் கணவர், திரு. மாறன், அவரிடம் டைப் செய்பவர் ஆகிய நால்வரே. என் கணவரும் அண்ணனும் இரண்டு ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. மீதியைத் தாங்களே விசாரித்து அறிய வேண்டுகிறேன்.

6. 05.11.2025 அன்று டோக்கன் பெற்று சார்பதிவாளர் அலுவலகம் சென்றேன். பௌர்ணமிக் கூட்டத்தால் ஆட்டோவைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மூச்சு வாங்க நடந்துதான் போனேன். எனக்கு முன்பே அண்ணன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் டோக்கன் நேரம் அவருக்கு எப்படித் தெரிந்தது? நோயினால் எனக்குப் புத்தி தெளிவாக இல்லை என்றும், கணவர் மிரட்டி எழுத வைக்கிறார் என்றும் அவர் வாய்மொழியாக ஆட்சேபித்ததாகச் சொல்லி, உயிலை வாங்கிப் படிக்காமலேயே பதிவை நிறுத்திவிட்டார்கள். காரணத்தை எழுத்தில் கேட்டேன், தரவில்லை. 10.11.2025 அன்று மீண்டும் போனபோது அங்கிருந்த அலுவலர், "அண்ணன்கிட்ட ஒரு தடவ படிச்சுக் காட்டிடுங்கம்மா. அவரே ஒத்துக்குவாரு" என்றார்.

அண்ணன் கெட்ட எண்ணத்தில்தான் வந்தார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தங்கை செத்துப்போவாளோ என்று பயந்து வந்தவராகவும் இருக்கலாம். என்னால் இப்போது எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

7. இந்தப் பத்தியைத் தாங்கள் மட்டும் படிக்க வேண்டும் என்பதற்காகவே, மனுவைத் தபால் பிரிவில் கொடுக்காமல் நேரில் கொடுக்கிறேன். இதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போக வேண்டாம். அந்த அலுவலர் சொன்னது சரிதான். காட்டினால் அண்ணன் உடனே ஒத்துக்கொள்வார். ஏனென்றால், நானும் குழந்தையும் பிழைக்காவிட்டால் வீடு அவருடைய மகள் கீர்த்தனாவுக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன். அவளுக்கு ஒன்பது வயது. காலாண்டு விடுமுறையில் என்னுடன் இருந்து, குழந்தை அசையும்போதெல்லாம் மணி பார்த்து நோட்டில் எழுதியவள். என் கணவருக்கும் இது தெரியாது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அண்ணனிடம் இதைக் காட்டினால், என் குழந்தை பிழைக்கக் கூடாது என்று நினைக்க ஒருவருக்குக் காரணம் கிடைத்துவிடும். அப்படி நினைக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பிரசவ அறைக்குள் போக எனக்கு மனமில்லை.

8. ஆகவே, கணவரும் அண்ணனும் இல்லாத அறையில் என்னைத் தனியே உட்கார வைத்து, என் புத்தி தெளிவாக உள்ளதா, யாராவது மிரட்டினார்களா என்று தாங்களே கேட்க வேண்டுகிறேன். எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறேன். பிறகு உயிலைப் பதிவு செய்ய உத்தரவிட வேண்டும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இரண்டுக்கும் நாள் போதாதென்றால், உயிலை முத்திரையிட்ட உறையில் தங்கள் அலுவலகத்திலேயே வைப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும். வரைவு வெளியே போன வழியை நான் ஊரில் இல்லாதபோதும் விசாரிக்கலாம். உயில் மட்டும் 24ஆம் தேதிக்கு முன் பத்திரமாக ஓரிடம் சேர்ந்துவிட வேண்டும்.

நல்லபடியாகத் திரும்பி வந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த உறையை நானே கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 12.11.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) வ. சிந்துஜா