பட்டை மேலே, பட்டை கீழே

மே 11

ஏரியில் மிச்சமிருந்த பனிக்கட்டியும் நேற்றைய காற்றில் உடைந்து கரை ஒதுங்கிவிட்டது. இன்று விறகு அடுக்கத் தொடங்கினேன். சைமி எடுத்துக் கொடுத்தாள், நான் வைத்தேன். பட்டை மேலே, பிளந்த முகம் கீழே. அப்பா அப்படித்தான் வைப்பார், இந்தக் கரையில் புத்தியுள்ள எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள். மழை பட்டைமேல் விழுந்து வழிந்து போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

முதுகு வலிக்கிறது. ஆனாலும் முதல் வரிசை நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. சைமி பாராட்டவில்லை, குறையும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அதுவே பெரிய பாராட்டு.

பாதைக்கு அந்தப் பக்கம், கலெர்வோவின் முற்றத்தில் அவன் குவியல் அப்படியே கிடக்கிறது. மார்ச்சில் அவனும் அவன் மனைவி லெம்பியும் பிளந்து போட்ட பிர்ச் விறகு. அவன் கட்டையை எந்திரத்தில் வைப்பான், அவள் நெம்புகோலை இழுப்பாள். பிளந்து முடித்த வாரமே, காபி வைக்கப் போனவள் அடுப்படியில் விழுந்தாள், எழவில்லை. அதன்பிறகு அந்தக் குவியல் பக்கம் அவன் போகவே இல்லை.

மே 15

கலெர்வோ வெளியே வரவில்லை. புகைபோக்கியிலும் புகை இல்லை. மின்சார ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் போல.

மே 19

இரண்டாவது வரிசை. இந்தப் பக்கம் என் சத்தம் மட்டும்தான். ஒருவன் தனியாக விறகு அடுக்கினால் இவ்வளவு அமைதியாகவா இருக்கும்?

ஒவ்வொரு வருடமும் இந்த நேரத்தில் பாதையின் இரண்டு பக்கமும் ஒரே ரகளையாக இருக்கும். கலெர்வோ பட்டையைக் கீழே போட்டு, பிளந்த முகம் வானத்தைப் பார்க்க வைப்பான். இந்த ஊரில் அப்படி வைக்கிறவன் அவன் ஒருவன்தான்.

"யோவ் ஆர்னே, உன் விறகுக்கு மழைக்கோட்டு மாட்டி விட்டிருக்கியே, உள்ளுக்குள்ள வேர்த்துச் சாகுது பாரு" என்பான்.

"உன் விறகு மல்லாந்து படுத்து வாயைப் பொளந்துக்கிட்டு மழையைக் குடிக்குது. குளிர்காலத்துல அதை எரிக்க முடியாது, வேணும்னா பிழிஞ்சு குடிக்கலாம்."

லெம்பி படியில் நின்று சிரிப்பாள். "ரெண்டு பேரும் கையால அடுக்கினா ஒரு வாரத்துல முடிஞ்சிரும். வாயால அடுக்குறீங்களே, அதான் ஒரு மாசம் ஆவுது" என்பாள். அப்புறம் ஏலக்காய் ரொட்டித் தட்டைக் கொண்டுவந்து பாதையின் நட்டநடுவில், பால்கேனைக் கவிழ்த்து அதன்மேல் வைப்பாள். யார் பக்கமும் சாயவில்லையாம்.

அந்த மே மாதங்கள் எனக்கு வேண்டும். வேறென்ன எழுத?

மே 27

வலையில் விழுந்த மீனில் நாலைக் கலெர்வோவுக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தான். தாடி மழிக்கவில்லை. ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தான், முற்றம் தெரியாதபடி.

"விறகு?" என்றேன்.

"பாக்கலாம்."

"வெயில் நல்லா அடிக்குது."

"அடிக்கட்டும்."

'நாளைக்கு வரட்டுமா?' என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, வெளியே வரவில்லை. கேட்காமல் அடுத்தவன் விறகில் கை வைப்பதும், வைக்கட்டுமா என்று போய் நிற்பதும் இங்கே யாரும் செய்யாத காரியம். செத்தவன் வீட்டிலும் படுக்கையில் விழுந்தவன் வீட்டிலும்தான் ஊர் கூடி அடுக்கும். நடமாடுகிறவன் விறகை அடுக்கினால், 'உன் கதை முடிந்துவிட்டது' என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அவனாகக் கேட்டால் உண்டு. அவன் கேட்கிற ஜாதியா?

மீனை வாங்கிக்கொண்டான்.

ஜூன் 4

கலெர்வோவின் மகள் பைவி ஓலு நகரத்திலிருந்து வந்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். லெம்பியின் மூக்கு அப்படியே.

"மாமா, அப்பாவை என்கூடக் கூட்டிட்டுப் போயிரலாம்னு பாக்குறேன். எங்க தெருவுலேயே ஒரு வீடு காலியாகுது. அங்க சூடு குழாய்லயே வந்துரும்."

"அவன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. விறகு அடுக்காம கிடக்கே, குளிர் வந்தா என்னப்பா பண்ணுவீங்கன்னு கேட்டேன். எழுந்து போய் ஜன்னல் திரையை இன்னும் நல்லா இழுத்து விட்டார். அடுக்கியிருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் மாமா."

அவள் கேட்டதில் தப்பில்லை. பிர்ச் பட்டை ஈரத்தை வெளியே விடாது. குவியலாகக் கிடந்தால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். ஜூன் பிற்பாதியில் வரும் கோடைநடு விழாவுக்குள் காற்றாட அடுக்கினால்தான் இலையுதிர்காலத்தில் எரியும். இல்லாவிட்டால் கணப்பில் சீறிக்கொண்டு கிடக்கும், அதன் செங்கல் சுவர் சூடாகாது. விறகு காயாவிட்டால் அவன் போய்விடுவான். அவ்வளவுதான் கணக்கு.

அந்த வீட்டைப் பார்ப்பதற்காக எட்டாம் தேதி அவனைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். சில நாள் தங்கிவிட்டு வருவார்கள்.

ஜூன் 8

கார் போன சத்தம் அடங்கவில்லை, சைமி சொல்லிவிட்டாள்: "உன் கண்ணு எங்க போகுதுன்னு தெரியுது. வேண்டாம்."

"ரேடியோல மழைன்னு சொன்னான்."

"சொல்லட்டும். கலெர்வோ உன்னைக் கேட்டானா?"

"அவன் கேக்க மாட்டான்."

"அப்ப விடு, கிழவா."

விட முடியவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு பாதையைத் தாண்டினேன்.

ஜூன் 10

முடிந்தது. பேனா பிடிக்க விரல் மடங்க மாட்டேன் என்கிறது. அடியில் கிடந்த விறகில் பூஞ்சை வாடை வந்துவிட்டிருந்தது, அதைச் சவுனாக் குளியலறை அடுப்புக்கென்று தனியாகப் போட்டேன். மற்றதெல்லாம் தப்பித்தது. நேற்று சைமி காபி கொண்டுவந்தாள், திட்டுவதற்கு. திட்டவில்லை. பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். சாயங்காலம் இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தோம். அழகாக நின்றது.

ஜூன் 11

ஐயோ.

அவர்கள் மத்தியானம் வந்தார்கள். கலெர்வோ காரிலிருந்து இறங்கினான், நின்றான். மெதுவாக அடுக்கிடம் போனான். மேல்வரிசையைக் கையால் தடவினான், பட்டை, பட்டை, பட்டை என்று கடைசிவரை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முழு அடுக்கும் பட்டை மேலே! அவன் முற்றத்தில்! கை அதுபாட்டுக்கு வைத்திருக்கிறது. புத்தி எங்கே போனது?

அவன் எங்கள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். நான், எழுபது வயதுக் கிழவன், குனிந்து ஒளிந்துகொண்டேன்.

"கை வச்சதே தப்பு. அதுல உன் கொடியையும் நட்டுட்டு வந்திருக்கே" என்றாள் சைமி. அவள் கட்டை எடுத்துக் கொடுத்ததை நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஜூன் 12

போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 14

கடைசியில் கலெர்வோ என்னைப் பாதையில் பிடித்துக்கொண்டான். தபால் பெட்டிக்குப் பக்கத்தில்.

"ஏன்யா அடுக்கினே? நான் செத்துட்டேன்னு நெனச்சியா?"

"மழை வரும்னு..."

"என் விறகுமேலதானே பெய்யும்? உன் தலைமேலயா பெய்யும்?"

"சரி, தப்புதான். மன்னிச்சிரு."

"அடுக்கினதுதான் அடுக்கினே, குப்புறக் கவுத்துல்ல வச்சிருக்கே. குப்புற!"

அந்த 'குப்புற'வில் அவன் குரல் உடைந்துபோச்சு. என்னத்தச் சொல்ல? ஒரு விறகுக்கு ஆம்பளை அழுவானா? எதுக்கு அழுதான்? கேட்கவும் முடியல, அங்கே நிக்கவும் முடியல. வந்துட்டேன்.

விழாவுக்குப் பைவி அட்டைப்பெட்டிகளோடு வருகிறாள் என்று தபால்காரி சொன்னாள். நான் ஒரேயடியாகத் தள்ளிவிட்டுவிட்டேன் அவனை. பிடித்து நிறுத்துகிறேன் என்று போய்த் தள்ளிவிட்டேன்.

ஜூன் 17

காலையில் தட் தட் என்று சத்தம். கலெர்வோ அடுக்கைப் பிரித்துத் தரையில் எறிந்துகொண்டிருந்தான். ஒவ்வொன்றாக, கோபமாக. நான் காலணியை மாட்டினேன். சைமி கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"போகாதே."

"எல்லாத்தையும் நாசம் பண்றான்."

"அவன் விறகு. பண்ணட்டும்."

மத்தியானம்வரை எறிந்தான். பிறகு குவியல்மேல் உட்கார்ந்துவிட்டான். கொசு மொய்த்தது, விரட்டக்கூட இல்லை. சரி, இனி பெட்டி கட்டுவான் என்று நினைத்தேன்.

எழுந்தான். ஒரு கட்டையை எடுத்தான். பட்டை கீழே போட்டு வைத்தான். இன்னொன்று. குனிந்து எடுப்பது, நிமிர்வது, வைப்பது, எல்லாம் அவனேதான். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் அவன் அடுக்கி நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 21

விழா. வாசலில் இரண்டு பிர்ச் கிளைகள் கட்டினேன். பைவி நேற்றே வந்துவிட்டாள். இன்று எங்கள் சமையலறையில் உட்கார்ந்து சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் பேசினாள்.

"சாப்பிட வாங்கன்னா, இந்த வரிசை முடியட்டும்ங்கிறார். முடிச்சிட்டு வந்து ரெண்டு தட்டு உருளைக்கிழங்கு சாப்பிட்டார் மாமா. நாள் முழுக்க உங்களைத் திட்டிக்கிட்டே இருக்கார்."

"என்னன்னு திட்டுறான்?"

"அதெல்லாம் நான் சொல்ல மாட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேணும்னேதான் அப்படி அடுக்கினீங்களா மாமா?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! சைமி என்னையே பார்த்தாள்.

"இல்லம்மா. கைப்பழக்கம்" என்றேன்.

பெட்டிகள் காரிலேயே இருக்கின்றன. ஓலுவில் அந்த வீட்டின் சொந்தக்காரர் ஆகஸ்ட் வரைக்கும் பொறுப்பாராம்.

ஜூன் 25

அவன் அடுக்கு இடுப்பளவு. சாய்ந்திருக்கிறது.

ஜூலை 2

இதை முழுதாக எழுதிவிட வேண்டும்.

தபால் எடுக்கப் போனேன். கலெர்வோ அடுக்குக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். "யோவ், சும்மாதானே நிக்கிறே. வந்து எடுத்துக் குடு."

கேட்டான். கலெர்வோ கேட்டான்! ஓடினேன் என்றே சொல்லலாம். நான் எடுத்துக் கொடுத்தேன், அவன் வைத்தான். இரண்டு வரிசை ஏறியது. பிறகு என் பழைய வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்படி மல்லாக்கப் போட்டா மழையெல்லாம்..."

"தெரியும்யா" என்றான். "எங்கப்பாவும் குப்புறத்தான் வைப்பார். கல்யாணம் வரைக்கும் நானும் அப்படித்தான் வச்சேன்."

நான் அவனைப் பார்த்தேன்.

"லெம்பி ஊர்ப் பக்கம் மல்லாக்க வைப்பாங்க. இங்க வந்த முதல் வருஷம் நான் காட்டுல மரம் வெட்டப் போயிருந்தப்ப அவளே அடுக்கி வச்சிட்டா. போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாத்துச் சிரிச்சான். அவ ராத்திரி அழுதா. மறுநாள் நான் அடுக்கி வச்சிருந்ததையும் பிரிச்சு அவ மாதிரியே வச்சேன். சிரிக்கிறவன் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்னு."

நான் இந்தக் கரைக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம். எனக்கு அது தெரியாது. ஊரே அதை மறக்கும்படி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"நீ இத்தனை வருஷமும் என்னைத்தான் கேலி பண்ணினே. அவளை ஒரு தடவைகூட இல்ல" என்றான். "அவளுக்கு அது எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? படியில வந்து நின்னுக்குவா, கேக்குறதுக்குன்னே."

என் கையில் ஒரு கட்டை இருந்தது. கொடுக்க மறந்து நின்றேன். அவன் கையை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தான். பட்டையைக் கீழே திருப்பி, அவன் கையில் வைத்தேன்.

ஜூலை 9

கலெர்வோவின் அடுக்கு முடிந்தது. மேலே தகரம் போட்டோம். நல்ல வெயில்.

ஆகஸ்ட் 20

காட்டில் லிங்கன்பெரிப் பழங்கள் சிவந்துவிட்டன. வெயில் காலம் முழுக்கக் காற்று தெற்கிலிருந்தே அடித்தது. அவன் விறகை இரண்டு எடுத்துத் தட்டிப் பார்த்தேன், விழா தாண்டி அடுக்கியும் கணீரென்றது. அவனும் என்னுடையதில் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். பொறாமை.

அக்டோபர் 3

முதல் உறைபனி. காலையில் புல் நொறுங்கியது. எட்டு மணிக்குக் கலெர்வோவின் புகைபோக்கியில் புகை. மெல்லிசாக, நேராக மேலே போனது. சைமி என்னை ஜன்னலிலிருந்து தள்ளினாள்: "போயேன், ஏன் இங்கயே நின்னு எட்டிப் பாத்துட்டு இருக்கே?"

போனேன். திரை விலகியிருந்தது, கணப்புச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். பைவிதான்.

"எப்படிம்மா வர்றது? இவ்வளவு விறகு கிடக்கு. இதையெல்லாம் யார் எரிப்பா?... இல்ல, அடுத்த வருஷமும் முடியாது. மரம் பாத்து வச்சாச்சு... ஆமா, அந்தக் கிழவன்தான் வந்திருக்கான். சொல்றேன்."

போனை வைத்தான். எனக்குக் காபி ஊற்றினான். ஏலக்காய் ரொட்டி கடையில் வாங்கியது, நன்றாகவே இல்லை. அவன் கணப்புக் கதவைத் திறந்து இன்னொரு கட்டையை வைத்தான். துளிப் புகையில்லை, சீறலில்லை, ஒரே நிமிடத்தில் பற்றிக்கொண்டது. பிறகு என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறான் என்பது எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"புகையுதேய்யா" என்றேன். "மல்லாக்கப் போட்டா இப்படித்தான்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கணப்புக் கதவைச் சாத்தினான்.

"வாயை மூடிட்டுக் காபியைக் குடி" என்றான்.

குடித்தேன்.