பத்து நாள் கட்டிவைத்த குட்டி

எப்போதும் என் பக்கமே பேசிய அப்பாவுக்கு,

நம் வீட்டுக்குள் ஒரு நாய்க்குட்டி வந்துவிட்டது. இதை உங்களிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தே இரண்டு மாதத்தைக் கடத்திவிட்டேன். நீங்கள் இருந்தவரை நம் வாசற்படியில் ஒரு நாய் கால் வைத்ததில்லை. தெருவில் எதிரே ஒன்று வந்தால்கூட என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுவீர்கள். உங்களுக்கு நாய் என்றாலே ஆகாது என்று இந்த முப்பது வயது வரை நினைத்திருந்தேன். அது சரியா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நீங்கள் போன பிறகு அம்மா வாசலைத் தாண்டவே இல்லை. ஆடிச் சாரல் தொடங்கியதும் உங்கள் மாப்பிள்ளைதான், "அத்தையைக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்று ரயில்வே ஸ்டேஷனில் ஒரு நாள் லீவு கேட்டுவிட்டு வந்தார். வாடகை மாட்டுவண்டியில் போய்க் குளித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பினோம். ஈரத்துணி மூட்டையை இறக்கப் போனால் வண்டி வைக்கோலுக்குள் ஒரு செம்மண் நிறக் குட்டி சுருண்டு தூங்குகிறது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அஞ்சருவிக்கிட்ட மாட்டை அவுத்தம்லா, அப்ப ஏறியிருக்கும்" என்றார் வண்டிக்காரர்.

"ஏட்டி கோமு, ஒங்க அப்பா இருந்தா இதை உள்ள விடுவாகளா? எங்கயாவது கொண்டு விட்டுட்டு வா" என்றாள் அம்மா.

"மழை விடட்டும்மா" என்றேன். சாரல் காலத்தில் மழை எங்கே விடுகிறது? குட்டி தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பட்ட பாட்டைக் கேளுங்கள். மெழுகிய தரை, நெல் காயப்போட்ட பாய், அடுக்களை வாசல் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் அசிங்கம் பண்ணிவைத்தது. எல்லாவற்றையும்விட உங்கள் சாய்வு நாற்காலிக்கு அடியில்தான் அதற்குப் பிரியம். கழுவக் கழுவ அங்கேயே போய் இருந்தது. ஏன் அங்கே? நீங்கள் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை மரத்தில் ஊறியிருக்கிறதா? இல்லை, முதல் நாள் தான் இருந்த இடத்தைத் தானே மோந்து கண்டுபிடித்து வருகிறதா?

அதைத் திட்டுவதை விட்டுவிட்டு ஒரு வாரம் கவனித்துப் பார்த்தேன். எதையாவது புதிதாகப் பார்த்தால் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பது உங்களிடமிருந்து வந்த குணம்தானே. தூங்கி எழுந்தவுடன் ஒரு தடவை. பாலோ சோறோ உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஒரு தடவை. ஓடியாடி விளையாடி நின்றதும் ஒரு தடவை. இருப்பதற்கு முன்னால் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு அவசரமாக ஒரு வட்டம் சுற்றும். அந்த வட்டத்தைப் பார்த்ததும் அள்ளிக்கொண்டு புறவாசலுக்கு ஓடினால் போதும் என்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் புறவாசலில் சாரல். காலில் ஈரம் பட்டதும் அது விருட்டென்று உள்ளே ஓடிவந்து, காய்ந்த இடமாகப் பார்த்துக் காரியத்தை முடித்துவிடும். கடைசியில் உங்கள் மாப்பிள்ளையின் குடையை எடுத்துக்கொண்டு போய், முருங்கை மரத்தடியில் அதற்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் நாள் அரை மணி நேரம் ஆயிற்று. அடுத்த வீட்டுச் சுப்பையா அண்ணாச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "கோமதி, மகாராசாவுக்கு இன்னும் ஆகலியா?" என்றார். சிரிக்காதீர்கள். பதினைந்து நாளில் அதுவாகவே கதவைப் பிறாண்டி என்னைக் கூப்பிடத் தொடங்கியது.

கடிதான் தீரவில்லை. ஊசி ஊசியாகப் பல். சேலைக் கரை, கணுக்கால், கைவிரல் எதையும் விடாது. மூக்கில் ஒன்று போடச் சொன்னார் உங்கள் மாப்பிள்ளை. போட்டால் விளையாட்டென்று நினைத்து இன்னும் துள்ளிக்கொண்டு வந்து கடித்தது. ஒரு நாள் நிஜமாகவே வலித்து "ஆ!" என்று கத்திவிட்டேன். சட்டென்று வாயை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. தன் பல் அடுத்தவருக்கு வலிக்கும் என்பது அதற்கு அதுவரை தெரியாதோ? கூடப் பிறந்த குட்டிகள் கத்தித்தானே அதைச் சொல்லிக் கொடுக்கும்! அன்றிலிருந்து பல் பட்டதும் நான் கத்துவேன், எழுந்து முதுகைக் காட்டிவிடுவேன். கடிக்கத் தேங்காய் மட்டை ஒன்றைப் போட்டுவைத்தேன். எனக்குக் கடி குறைந்தது. அம்மா கத்தவும் மாட்டாள், எழவும் மாட்டாள். "சனியனே, போ" என்பாள், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தபோது அது அவள் விரலைப் பிடித்துத் தொங்கிவிட்டது. இரண்டு பல் ஆழமாக இறங்கி, அரிசியெல்லாம் ரத்தம். என் கூச்சலைக் கேட்டுச் சுப்பையா அண்ணாச்சி உலக்கையோடு வந்துவிட்டார். பல் முளைக்கும் குட்டிக்கு வாயில் எச்சில் வடியாதா? அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"மதினி, நவருங்க. நுரை தள்ளுது பாருங்க. எந்த நாய் ஈன்ற குட்டியோ. இன்னொருத்தரைக் கடிக்கதுக்குள்ள ஒரே போடாப் போட்டுருதேன்."

அப்பா, அம்மா செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரத்தம் சொட்டச் சொட்ட எழுந்தாள். குட்டியைக் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"தொடாதீய தம்பி! அதைக் கொன்னுட்டியன்னா, அதுக்கு வெறி இருந்துச்சா இல்லியான்னு நான் பொறவு யாருட்டப் போய்க் கேப்பேன்?"

அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. அண்ணாச்சி உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டார்.

விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மருந்து வைத்துக் கட்டிவிட்டு, "குட்டியைக் கட்டிவையுங்கள். பத்து நாள் நன்றாக இருந்தால் ஊசியே வேண்டாம். நடுவில் அதன் போக்கு மாறினால் அன்றைக்கே வந்துவிடுங்கள்" என்றார். திரும்பி வரும் வழியில், ஜட்காவின் ஆட்டத்தில், அம்மா உங்களைப் பற்றிச் சொன்னாள்.

"நீ கைப்பிள்ளை அப்போ. ஒங்க அப்பா ஒரு குட்டி வளத்தாக. வெளையாட்டுல ஒரு நாளு பல்லு பட்டுட்டு. தெருவே கூடிட்டு. அவுக கெணத்தடியில கை கழுவிட்டு வாரதுக்குள்ள அதை அடிச்சுப் போட்டுட்டாக. வெறியா இல்லியான்னு இனி யாரு சொல்லுவா? ரயிலேறிக் குன்னூரு நாய்க்கடி ஆஸ்பத்திரிக்குப் போயி, வயித்தைச் சுத்திப் பதினாலு ஊசி. வந்தாக. வலியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. 'அது சும்மாதாம் கடிச்சிருக்கும், என்ன சிவகாமி?'ன்னு மட்டும் கேட்டாக. நான் என்னத்தைச் சொல்ல?"

இத்தனை வருஷத்தில் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? தெருவில் நாயைக் கண்டால் விலகிப் போனீர்களே, அது கடித்துவிடும் என்றா? இல்லை, பிரியம் வைத்துவிடுவோம் என்றா? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களிடமே கேட்கிறேன்.

பத்து நாளும் அதைத் தாழ்வாரத் தூணில் கட்டிவைத்தோம். யாரும் கையால் தொடவில்லை. சுப்பையா அண்ணாச்சி தினமும் காலையில் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இருக்கா?" என்பார். "இருக்கு" என்பேன். நாலாம் நாள் அது தண்ணீரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிண்ணத்தைக் கழியால் கிட்டே தள்ளினேன். பின்னால் போய்த் தூணோடு ஒட்டிக்கொண்டது. வெறி பிடித்தால் தண்ணீரைக் கண்டு பயப்படும் என்பார்களே! இவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஜட்காவைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார்.

அம்மா மட்டும் குனிந்து கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்தாள். "இதை யாரு கழுவுனா?"

இவர்தான் கழுவியிருந்தார். ஸ்டேஷனில் எல்லாவற்றுக்கும் பினாயில் ஊற்றிப் பழகிய கை. அம்மா ஒரு சிரட்டையில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு வைத்தாள். குட்டி வந்து சளக் சளக்கென்று குடித்தது. இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பத்தாம் நாளும் போயிற்று. பதினோராம் நாள் காலையில் அண்ணாச்சி சுவர் வழியாக எட்டிப் பார்க்காமல் வாசல் வழியாகவே வந்தார். குட்டியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லாத்தான் இருக்கு மதினி. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். அம்மாவின் விரலில் புண் ஆறி, இரண்டு புள்ளி மட்டும் தெரிகிறது.

கயிற்றை அவளேதான் அவிழ்த்தாள். குட்டி தாழ்வாரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வாசலைப் பார்த்து ஓடியது. அம்மா கையைத் தட்டி, "ஏலே சிங்காரம், இங்கன வாலே!" என்றாள்.

நாங்கள் அதை அதுவரை குட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். சிங்காரம் என்ற பெயரை நான் நம் வீட்டில் கேட்டதே இல்லை. அவளுக்கு அது யோசிக்காமல் வாயில் வந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அது உங்கள் குட்டியின் பெயரா, அப்பா?

நான் அவளிடம் கேட்கவில்லை. அவளாகச் சொல்லும்வரை கேட்கவும் மாட்டேன். உங்களுக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இந்தச் சிங்காரம் நம் வீட்டில் வயதாகித்தான் சாகும்.

சிவகாமியை இனித் தனியே விடாத உங்கள் ஒரே மகள்,
கோமதி