துறையடி மலசலகூடமும் நான் எழுதிய கடிதமும்

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. கடை முழுக்க மணல். மூன்று தரம் கூட்டியாயிற்று.

பிரதேச சபை ஆள் வந்து மீனவர் சங்கச் சுவரில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார். துறையடியில் பெண்களுக்கு மலசலகூடம் கட்டப்போகிறார்களாம். இடம்: என் தேத்தண்ணிக் கடைக்கு வலப்பக்கம், பத்தடி தள்ளி. ஆட்சேபனை இருந்தால் பதினாலு நாளுக்குள் எழுத்தில் தரவேண்டும்.

இருக்கிறது! வடை சுடுகிற இடத்துக்குப் பக்கத்திலா?

வீட்டில் இவர் சொல்கிறார், "பொம்பிளையள் பாவமப்பா, கட்டட்டும்." இவருக்கென்ன, விடியமுதல் கடலுக்குப் போகிற மனிசன்.

மீன் தரம் பிரிக்கிற பெண்கள் பதினொரு பேர். கடை தொடங்கி ஆறு வருடம். ஒருத்தியாவது காலையில் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்ததில்லை. கேட்டால், "வேண்டாமக்கா, குடிச்சிட்டுத்தான் வந்தனாங்கள்." கூடவே ஒரு சிரிப்பு. கஞ்சப் பிசினாறிகள். அவர்களுக்காக நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வடை சுடவேண்டுமாக்கும்.

ஜூலை 9, புதன்

கடிதம் எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம். "சுகாதாரக் கேடு" நான்கு இடத்தில். கடைக்கு வந்த எட்டு ஆம்பிளைகளும் கையெழுத்து வைத்தார்கள். இரண்டு பேர் வாசிக்கவே இல்லை, ஒரு கையில் வடை, மறுகையில் பேனை.

எங்கள் வட்டாரத்து மெம்பர் பாலன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அக்கா, வேற இடம் பார்த்தாச்சு. ஒரு பக்கம் கோயில், மற்றப் பக்கம் கிணறு. ஐஸ் பக்டரிக்கு அங்கால எண்டா அரை மைல் நடக்க வேணும். இடம் சரிவரேல்ல எண்டா, இது அடுத்த வட்டாரத்துக்குப் போயிடும்."

போகட்டும் என்றேன்.

வாங்க வேண்டியது: சீனி, இஞ்சி, கடலைப்பருப்பு, லைற்றர்.

ஜூலை 14, திங்கள்

நல்ல மீன்பாடு. கீரிமீனும் சூடைமீனும். ஏலம் நடக்கும்போது புஷ்பம் தராசடியில் மயங்கி விழுந்தாள். அந்தப் பதினொரு பேரில் மூத்தவள், நெடுவல், அதிகம் பேசமாட்டாள். கடையை அப்படியே விட்டுவிட்டு ஓட்டோவில் நான்தான் கூட்டிப்போனேன். உடம்பு அனலாய்க் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டொக்டர் பிள்ளை. கேட்ட கேள்விகள் இன்னும் காதில் கிடக்கின்றன.

"எத்தனை மணிக்கு வேலைக்கு வாறனீங்கள்?"

"நாலு மணிக்கு."

"எப்ப தண்ணி குடிப்பீங்கள்?"

"வீட்ட போய். பதினொண்டு, பன்ரெண்டுக்கு."

"அதுவரைக்கும் ஒண்டும் குடிக்கிறேல்லயா?"

புஷ்பம் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள். "குடிச்சா போக வேணுமே டொக்டர். எங்க போறது? சுத்திவர ஆம்பிளையள், வெறும் வெளி. எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான்."

சலத்தில் கிருமி. இது மூன்றாவது தரமாம். இப்படியே போனால் சிறுநீரகம் பழுதாகும் என்றார் டொக்டர். வாசலில் வாங்கிய செவ்விளநீரை அவளிடம் நீட்டினேன்.

ஜூலை 15, செவ்வாய்

காற்றுக் குறைவு. வேலை ஓடவில்லை.

எண்ணிப் பார்த்தேன். இன்று ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் மூன்று தரம் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். சீனி எடுக்க, துவாய் எடுக்க என்று சாட்டு. வீடு கடைக்குப் பின்னால், கூப்பிடு தூரம். உள்ளே கொண்டி போட்ட கதவு. கடவுளே, ஒரு கதவுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று இத்தனை வயதுக்கு எனக்குத் தோன்றியதே இல்லை.

கஞ்சம் என்று அவர்களைப் பற்றி ஊரெல்லாம் கதைத்தவள் நான். வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது கடிதம். ஆறே வரி. முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், சொன்ன இடத்திலேயே கட்டித் தாருங்கள். எட்டுப் பேரையும் பிடித்துத் திரும்பக் கையெழுத்து. ஒருவர் சொன்னார், "போன கிழமை கட்டவேண்டாம் எண்டீங்கள், இந்தக் கிழமை கட்டு எண்டுறீங்கள். வடையை மட்டும் மாத்திப்போடாதேங்கோ."

ஜூலை 18, வெள்ளி

புஷ்பம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். ஓட்டோவுக்கு நன்றி சொல்கிறாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. என் கடிதத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கோழை.

ஜூலை 22, செவ்வாய்

சபை அமர்வு. பொதுமக்கள் கதிரையில் நான். பின்வரிசையில் புஷ்பமும் இன்னும் மூன்று பேரும். இவர்கள் ஏன் வந்தார்கள் என்று விளங்கவில்லை.

என் முதல் கடிதத்தை எழுத்தர் முழுதாக வாசித்தார். நான்கு "சுகாதாரக் கேடு"ம். நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன். பிறகு இரண்டாவது. அதன் பிறகு இன்னொரு கடிதம் இருக்கிறது என்றார். பதினொரு பெண்களின் கையெழுத்து, முதலாவது புஷ்பம். திகதி ஜூலை 10. நான் கடிதம் கொடுத்த மறுநாள்!

"கடை அக்காவுக்குக் கரைச்சல் வராதபடி, ஐஸ் பக்டரிக்கு அப்பால் கட்டித் தரவும். தூரம் என்றாலும் நாங்கள் நடந்து போவோம்."

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றினார். "கடைக்காரி பக்கத்தில கட்டு எண்டுறா. இவையள் தூரத்தில கட்டு எண்டுறினம். இப்பிடி ஒரு சண்டை இந்தச் சபைக்கு வந்ததில்ல." எல்லோரும் சிரித்தார்கள். பாலன் முன்மொழிந்தார், எதிர்க்கட்சிக்காரர் ஒருவரே வழிமொழிந்தார். ஏகமனதாக, என் கடைப் பக்கம். சபைக்கு நன்றி. பாலனுக்கு நன்றி. அந்த எதிர்க்கட்சிக்காரரின் பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

வெளியே வந்து புஷ்பத்திடம் கேட்டேன், "தெரிஞ்சும் ஏனடி என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல?"

"கேட்டு என்னக்கா? அது உங்கட பிழைப்பு. எங்களுக்குக் கால் இருக்கு, நடப்பம். கடைக்குக் கால் இல்லத்தானே."

"மன்னிச்சுக்கொள்ளு புஷ்பம்" என்றேன். பஸ் வருகிறது என்றாள். பஸ்ஸில் எனக்கு யன்னல் பக்கம் தந்தாள்.

ஜூலை 28, திங்கள்

ஆறு மணியிலிருந்து மண்வெட்டிச் சத்தம். அத்திவாரம் வெட்டுகிறார்கள். வடையில் மண். பேசாமல் இருந்தேன். இவருக்கு ஆச்சரியம்.

கதவு எந்தப் பக்கம் என்று மேசன் என்னிடம் வந்து கேட்டார். சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். "அவையளைக் கேளுங்கோ."

பதினொரு பேரும் மீனை விட்டுவிட்டு வந்து நின்று ஆளுக்கொரு கதை. கடற்பக்கம் வேண்டாம், வள்ளம் இழுக்கிற ஆம்பிளைகள். றோட்டுப் பக்கம் வேண்டாம், லொறிக்காரர். சங்கத்துப் பக்கம், ஐயோ, வேண்டவே வேண்டாம். மிச்சம் இருப்பது ஒரே பக்கம்.

புஷ்பம்தான் சொன்னாள். "கடைய பார்த்து வையுங்கோ மேசன். அங்க அக்கா நிப்பா. எங்களுக்குப் பயமில்ல."

கதவுக்கு நேரே என் வடைத் தாச்சி. மேசன் என் முகத்தைப் பார்த்தார்.

ஓம் என்றேன்.