மூன்றாவது அறையின் தாழ்ப்பாள்

திருச்சுழி
6.11.2024

அன்புத் தம்பி மருதுபாண்டிக்கு,

அக்கா காளீஸ்வரி எழுதுவது. நானும் உன் மச்சானும் வீரலட்சுமியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே தங்கலட்சுமிக்கும் பிள்ளைகளுக்கும் துணைமாலையம்மை துணை இருக்கட்டும். மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை. மக்காச்சோளம் இடுப்பளவு நிற்கிறது. காட்டுப்பன்றி மிச்சம் வைத்தால் வீட்டுக்கு வரும்.

நல்ல செய்தி அவ்வளவுதான். போனில் கூப்பிட்டால் "கடையில ஆள் இருக்குக்கா, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் எழுதி, பச்சைச் சுடிதாரோடு பையில் போட்டு, கண்டக்டர் வெள்ளத்துரையிடம் கொடுத்துவிடுகிறேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் வீரலட்சுமி உன் கடையில் எடுத்த சுடிதார்தான் இது. தீபாவளி அன்றைக்கு அதை அவள் தொடவே இல்லை. கேட்டால் அளவு சரியில்லை என்றாள். மாமாவைப் பார்த்தாயா என்றால், கூட்டத்தில் பார்க்கவில்லை என்றாள். நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். இரண்டாவது மாடியில் நீ புதிதாகக் கட்டிய அறையில் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது எவனோ ஒருத்தன் கதவைப் பிடித்து இழுத்திருக்கிறான். தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. அவள் எந்தக் கோலத்தில் நின்றாள் என்று தாய் நான் எழுத மாட்டேன்.

பழைய கடையில் பெண்களுக்குத் தனி அறை இருந்தது. வாசலில் தங்கச்செல்வி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். அவளைத் தாண்டி ஈ கூட உள்ளே போகாது. அதற்கும் முன்னால், அப்பா இருந்த காலத்தில், கடையில் உடுத்திப் பார்க்கும் வேலையே கிடையாது. "வீட்டுல கொண்டுபோயி போட்டுப் பாருங்க தாயி, பத்தலைன்னா அடுத்த சந்தைக்கு வாரப்ப கொண்டாங்க" என்பார். நீ கம்ப்யூட்டர் பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்துவிட்டாய். கடையிலேயே உடுத்திப் பார்த்தால்தான் உண்டு என்று ஆக்கிவிட்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரிசையில் ஆறு கதவு வைத்திருக்கிறாய். தங்கச்செல்வியைச் சேலைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டாயாம்.

அவன் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். பெண்களுக்குத் தனி அறை திரும்ப வர வேண்டும். இரண்டுக்கும் பதில் எழுது.

உன் அக்கா,
காளீஸ்வரி


அருப்புக்கோட்டை
11.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்து மனசு சரியில்லை. பதில் சொல்ல நான்கு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. சரி, நானும் எழுதுகிறேன்.

விசாரித்துவிட்டேன். அந்த ஆள் வெளியூர். வேண்டுமென்று செய்ததில்லை அக்கா. தீபாவளிக் கூட்டம், வரிசையில் பத்துப் பேர். கால் மணி நேரமாக ஒரு கதவு திறக்கவே இல்லை என்றால் யாருக்கும் பொறுமை போகும். மூன்றாவது அறையில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுவதில்லை. ஆசாரியின் கோளாறு. மறுநாளே மாற்றிவிட்டேன். தெரியாமல் நடந்ததற்கு ஒருவனைத் தூக்கிலா போடுவது?

தனி அறை என்கிறாய். மதுரையிலும் கோயமுத்தூரிலும் பெரிய கடைகளில் இப்போது பொதுவாகத்தான் வைக்கிறார்கள். நான் ஒன்றும் ஊரில் இல்லாததைச் செய்யவில்லை. பழைய கடையில் பெண்கள் அறை பாதி நேரம் சும்மா கிடக்கும், ஆண்கள் பக்கம் சண்டை நடக்கும். கதவும் தாழ்ப்பாளும் உறுதியாக இருந்தால் பக்கத்து அறையில் யார் இருந்தால் என்ன? உன் வீட்டில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றா குளியலறை கட்டியிருக்கிறாய்?

இருந்தாலும் உன் மனசுக்காக நேற்றே கேமரா மாட்டிவிட்டேன். அறைகளின் வாசலைப் பார்த்தபடி இரண்டு. டிவி என் கல்லாவுக்கு மேலேயே இருக்கிறது. இனி எவன் கதவைத் தொட்டாலும் கடையே பார்க்கும். இதைவிடப் பாதுகாப்பு என்ன வேண்டும்?

கார்த்திகை இருபதுக்கு வீரலட்சுமியின் கல்யாண ஜவுளி எடுக்க மாப்பிள்ளை வீட்டாரோடு வருகிறீர்கள் அல்லவா? காப்பி, பலகாரம் எல்லாம் சொல்லிவிட்டேன். மச்சானிடம் சொல்.

அன்புத் தம்பி,
மருதுபாண்டி


திருச்சுழி
18.11.2024

தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை பஸ் ஏறி உன் கடைக்கு வந்தேன். நீ பார்க்கவில்லை. போன் பேசிக்கொண்டிருந்தாய்.

உன் தலைக்கு மேலே இருந்த டிவியைப் பார்த்தேன். கல்லாவில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒரு அம்மா உள்பாவாடையும் நைட்டியும் கையில் சுருட்டிக்கொண்டு அறைக்குள் போகிறாள், வேர்த்து விறுவிறுத்து வெளியே வருகிறாள். ரெண்டு விடலைகள் "ஏலே, அடுத்தது யாருடா" என்று பந்தயம் கட்டுகிறான்கள். எரிகிற கொள்ளியில் எண்ணெயை ஊற்றிவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறாயே, உனக்குப் புத்தி எங்கே போனது? கடையே பார்க்கும் என்று எழுதியிருந்தாய். கடை பார்க்கக் கூடாது என்றுதானே தம்பி கதவு வைக்கிறோம்?

குளியலறையைப் பற்றிக் கேட்டாயே. என் வீட்டுக் குளியலறைக்கு வெளியே நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். உன் கடையில் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான். அது உனக்குச் சின்னது. எங்களுக்குச் சின்னது இல்லை.

நான் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தங்கச்செல்வி மட்டும் என்னைக் கண்டுகொண்டாள். "நான் அங்ஙன இருந்திருந்தா இது நடந்திருக்குமா மதினி" என்று கண் கலங்கினாள். உன்னிடம் பேசாமலே திரும்பிவிட்டேன். பேசியிருந்தால் கல்லாவில் வைத்தே அறைந்திருப்பேன்.

அந்த வெளியூர்க்காரனின் பெயரை நீ இன்னும் எழுதவில்லை. தனி அறையும், வாசலில் ஒரு பெண்ணும் இல்லாமல் கார்த்திகை இருபதுக்கு நாங்கள் வர மாட்டோம்.

காளீஸ்வரி


அருப்புக்கோட்டை
24.11.2024

அக்காவுக்கு,

நீ கடைக்கு வந்துவிட்டு என்னிடம் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் போனது எனக்குப் பெரிய அவமானம். அதைவிடப் பெரிய அவமானம், திருச்சுழியில் குழாயடியில் நீ பேசிய பேச்சு. போன வாரம் உங்கள் பக்கத்திலிருந்து பெண்கள் யாரும் வரவில்லை. சொந்த அக்காவே தம்பி கடை வாசலில் முள்ளை வெட்டிப் போடுவாளா?

ஒரு விஷயம் சொல்கிறேன், கேள். மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு பெண் வருவாள். அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம், ஒரு கை விளங்காது. அவள்தான் அவருக்குச் சட்டை மாட்டிவிட வேண்டும். பழைய கடையில் ஆண்கள் அறையில் அவளை விடமாட்டார்கள், பெண்கள் அறையில் அவரைத் தங்கச்செல்வி விடமாட்டாள். கடை நடுவில், அத்தனை பேர் முன்னால், அந்த மனுஷன் பனியனோடு நின்றார். அன்றைக்கு அவர் கண்ணைப் பார்த்துத்தான் பொது அறை கட்டினேன். வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா? நான் காசு மிச்சம் பிடிக்கக் கட்டினேன் என்று நீ ஊரில் சொல்லியிருக்கிறாய்.

டிவியைத் திருப்பி வைத்துவிட்டேன். நீ சொன்னது சரி. ஆனால் அறைகளை இடிக்க மாட்டேன்.

வெளியூர்க்காரனை விடு. அவன் பெயரைத் தெரிந்து என்ன செய்யப்போகிறாய்? அவனும் பெண் பிள்ளை பெற்றவன்தான்.

தாய்மாமன் கடை இருக்கும்போது ஜவுளியை வேறு இடத்தில் எடுத்தால், நான் எந்த முகத்தோடு சீர் கொண்டு வருவேன்? யோசித்து எழுது.

மருதுபாண்டி


திருச்சுழி
27.11.2024

மருதுபாண்டி,

யோசித்தேன். உன் கடிதங்களை எடுத்து வைத்து இரண்டு தடவை படித்தேன்.

நேற்று வீரலட்சுமியிடம், கோபம் கிடக்கட்டும், சீர்ச் சேலையாவது மாமா கையால் வாங்கிக்கொள் என்றேன். "மாமா முன்னால நான் நிக்க மாட்டேம்மா" என்றாள். ஏன் என்றதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். தூக்கி வளர்த்த மாமன். காதுகுத்துக்கு உன் மடியில்தான் உட்கார்ந்தாள். கல்லூரி சேர்க்க உன்னோடுதான் வண்டியில் போனாள். உன்மேல் அவளுக்கு என்ன கோபம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அப்புறம்தான் உன் முதல் கடிதத்தை எடுத்தேன். மூன்றாவது அறை என்று எழுதியிருக்கிறாய். நான் எந்த அறை என்று எழுதவே இல்லை. எனக்கே தெரியாது. கால் மணி நேரம் கதவு திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அவள் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாள் என்று உனக்கு யார் சொன்னது? அடுத்த கடிதத்தில் அவனும் பெண் பிள்ளை பெற்றவன் என்று அவ்வளவு உறுதியாக எழுதுகிறாயே, எப்படித் தெரியும்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய். சோறு போட்டவள் கிட்டேயே.

இந்த மூன்று வாரமாக அந்தக் கையை முறிக்க வேண்டும், அவன் விளங்காமல் போக வேண்டும் என்று என் வாயால் சாபம் விட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் ஒவ்வொரு முறையும் எழுந்து உள்ளே போனாள். வெட்கத்தில் போகிறாள் என்று நினைத்தேன். சொந்தத் தம்பியை நான் சபிப்பதைக் கேட்கப் பொறுக்காமல் போயிருக்கிறாள். இப்போது புரிகிறது.

ஆமா, இல்லை. இரண்டில் ஒன்றை எழுது. வேறு ஒரு வரி எழுதாதே.


அருப்புக்கோட்டை
1.12.2024

அக்கா,

ஆமா.

ஒரு வரிக்கு மேல் எழுதாதே என்றாய். மன்னித்துக்கொள், எழுதுகிறேன். கீழே கல்லாவில் கூட்டம். மேலே அறைகளுக்காக வரிசையில் சண்டை என்று ஆள் வந்து சொன்னான். ஏறிப் போனேன். மூன்றாவது அறைக்குள் ஒரு பையன் நாலு பேன்ட்டோடு போய் வெகுநேரம் ஆகிறது என்றார்கள். அவன் எப்போதோ வெளியே போய்விட்டது யாருக்கும் தெரியவில்லை. நான் தட்டவில்லை. என் கடை, என் கதவு. பிடித்து இழுத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கதவைச் சாத்தினேன். "மாமாதாம்மா, தெரியாமத் தொறந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. படி இறங்கிக் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் பில் போட வந்தபோது தலை குனிந்து ரூபாயை எண்ணுவதுபோல் இருந்தேன். அவளிடமும் காசு வாங்கினேன் அக்கா.

எவனோ ஒருத்தன் என்று உன் கடிதம் வந்தபோது, அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தேன். உள்ளே இருப்பது பெண் என்று தெரிந்திருந்தால் கை வைத்திருக்கவே மாட்டேன். நீ கேட்டதுபோல் தனி அறை இருந்திருந்தால் தெரிந்திருக்கும். முதல் மாடியில் பெண்களுக்கு நாலு அறை கட்ட ஆள் விட்டிருக்கிறேன். தங்கச்செல்வி அங்கேதான் இருப்பாள். மேலே ஒரு அறையை மட்டும் மல்லாங்கிணற்றுக்காரர் மாதிரி ஆட்களுக்கு வைத்துக்கொள்கிறேன்.

சீர் கொண்டு வரட்டுமா, வேண்டாமா? நீ சொல்வதுதான்.

தம்பி


திருச்சுழி
8.12.2024

தம்பி மருதுபாண்டிக்கு,

கார்த்திகை இருபதுக்கு மதுரைக்குப் போய் ஜவுளி எடுத்துவிட்டோம். மாப்பிள்ளையின் அம்மா வேனில் வைத்தே கேட்டார்கள், அருப்புக்கோட்டையில் தம்பி கடை இருக்கும்போது இவ்வளவு தூரம் எதற்கு என்று. இத்தனை வருஷமாக எந்த வாயால் என் தம்பி கடை மாதிரி ஜில்லாவிலேயே இல்லை என்று பீற்றிக்கொண்டேனோ, அதே வாயால் அது சின்னக் கடை, பட்டு அவ்வளவாக இருக்காது என்றேன். உன் மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

நீ எழுதியதை வீரலட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். உள்ளே பெண் என்று தெரிந்திருந்தால் கை வைத்திருக்க மாட்டேன் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அப்ப பையனா இருந்தா இழுக்கலாமாம்மா?" என்று கேட்டாள். நானும் அப்படி யோசித்ததே இல்லை. நீ பதில் வைத்திருந்தால் அவளிடம் சொல்லிக்கொள்.

நாலு அறை கட்டுவது நல்லது. அதற்காக என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. கதவைத் திறந்ததைக்கூட ஒரு நாள் மறப்பேன். மூன்று வாரம் என்னை ஊமை வெயிலில் நிறுத்தி, இல்லாத ஒரு வெளியூர்க்காரனைத் திட்ட வைத்தாயே, அதை மறக்க எனக்கு நாளாகும்.

சீர் விஷயத்தில் முடிவு என்னுடையது இல்லை, அவளுடையது. இன்று காலை தலை பின்னிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "மாமா வரட்டும். கதவத் தட்டிட்டு வரட்டும். நான் தொறந்தா உள்ள வரட்டும்."

நம் பக்கத்தில் கல்யாண வீட்டுக் கதவை யாரும் அடைப்பதில்லை. அடைத்தால் ஊர் என்ன பேசும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசட்டும். தை பத்து காலையில் மேளத்தோடு நீ தெரு முனைக்கு வரும்போது, எங்கள் வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும்.

உன் அக்கா,
காளீஸ்வரி