எண்ணெய் தடவிய நிலா

செப். 15, திங்கள்

காலையிலேயே வெயில். பால் வாங்கியாச்சு. கடைக்கு வெங்காயம் சொல்ல மறந்தாச்சு.

யாழினியைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனால், நாலாம் வகுப்பு அமலா மிஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கையில் யாழினியின் தேர்வுத் தாள். கேள்வி: நிலா ஏன் தேய்கிறது, வளர்கிறது? என் மகள் எழுதியது: பூமியின் நிழல் நிலா மேல் விழுவதால். பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.

"தப்பு, சரியான விடைய அஞ்சு தடவ எழுதுன்னா எழுத மாட்டேங்கிறா சார். எங்கப்பா சொன்னாரு, அதான் சரிங்கிறா."

சொன்னது நான்தான். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு கிரகணம். யாரும் சாப்பிட வர மாட்டார்கள் என்று, நான் பரோட்டா மாஸ்டராக இருக்கிற கடையை முதலாளி சீக்கிரமே மூடிவிட்டார். பிள்ளையோடு மொட்டை மாடியில் நின்று, நிலா மேல் நிழல் ஏறுவதைக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மாசா மாசம் தேயுதுல்ல, அதுவும் இப்படித்தான்" என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னேன். கேட்க ஆள் இருந்தது, சொல்லிவிட்டேன்.

ஆனால் சரியாகத்தானே சொன்னேன்? நிழல் இல்லாமல் வேறு என்ன?

மிஸ் கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமை பல்பு, பந்து வைத்துப் பிள்ளைகளே செய்து பார்க்கிற வகுப்பாம். "நீங்களும் வாங்க சார்."

வாரேன் என்று வாய் சொல்லிவிட்டது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துக்கு மேலே பாதி நிலா. காலை ஒன்பது மணிக்கு! எதிர்ப்பக்கம் சூரியன் கொளுத்துகிறது. நடுவில் எதுவும் இல்லை. என்னவோ இடிக்குது.

செப். 16, செவ்வாய்

புழுக்கம். சாயங்காலம் நாலு தூறல்.

யாழினி வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாளாம்: "எங்கப்பா வெள்ளிக்கெழம வந்து நெழல காட்டுவாரு. அப்ப மிஸ் ஒத்துக்கிருவாங்க."

செல்வி துணி மடித்துக்கொண்டே, "ஏங்க, பத்தாவதுல சயின்ஸ் எத்தன தடவ எழுதுனீக?"

"ரெண்டு."

"மூணு. எங்கப்பா விசாரிச்சுட்டுத்தான் பொண்ணு குடுத்தாரு."

வெள்ளிக்குத் தேவை:
குண்டு பல்பு, ஹோல்டர், வயர் (கடைப் பரணில் இருக்கு)
ஜன்னலுக்குப் போர்வை 3
பந்து 36

பந்துதான் பிரச்சினை. மிஸ்ஸுக்குப் போன் போட்டு, மைதா உருண்டை பிடித்துக் கொண்டுவாரேன் என்றேன். சிரித்துவிட்டு, சரி என்றார். முப்பத்தாறு நிலா. எங்கள் பழங்காநத்தத்தில் அதற்கு என்னை விட்டால் யார்?

செப். 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. கடையில் ஈ ஓட்டினோம். முட்டைப் பரோட்டா கேட்க ஒரு ஆள் இல்லை. நல்லதாகப் போச்சு என்று அடுப்பங்கரையில் பல்பைத் தொங்கவிட்டு, ஒரு உருண்டையைப் பென்சிலில் குத்தி, கையை நீட்டிப் பிடித்துச் சுற்றினேன். பல்பு சூரியன். உருண்டை நிலா. என் தலை பூமி.

பக்கவாட்டில் பிடித்தால் உருண்டை பாதி வெளிச்சம், பாதி இருட்டு. நம்ம பாதி நிலாவேதான்! சந்தோஷமாக நிழலைத் தேடினேன். என் தலையின் நிழல் பின்னால், சுவரில், காலண்டர் மேலே கிடக்கிறது. உருண்டை இருப்பது இந்தப் பக்கம். அப்படியென்றால் இது யாருடைய நிழல்?

மூன்று சுற்று. தலைதான் சுற்றியது.

சப்ளையர் முருகேசன் எட்டிப் பார்த்தான். "அண்ணே, சாமி வந்திருக்கது ஒங்களுக்கா, மாவுக்கா?"

"நிலா ஏன்டா தேயுது?"

"அத எதுக்குண்ணே நீங்க தூக்கிச் சுமக்குறீக? தேஞ்சா திரும்ப வளருது. விடுங்க."

திரும்பவும் சுற்றினேன். பல்புக்கு முதுகைக் காட்டி, உருண்டையை நேர் எதிரே பிடித்தால் மட்டும் தலை நிழல் அதன் மேல் விழுகிறது. அது கிரகணம். கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் நிழல் தப்பி, முழு வட்டமும் வெள்ளை. அது பௌர்ணமி. மற்ற இடத்தில் எல்லாம் இருட்டுப் பக்கம் என்பது பல்பைப் பார்க்காத பக்கம், அம்புட்டுத்தான். நிழலே கிடையாது.

ஒரு வரி. அந்த ஒரு வரிதான் தப்பு. அதைத்தான் என் பிள்ளை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

செப். 18, வியாழன்

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அவள் தரையில் குப்புறப் படுத்து ராக்கெட் வரைந்துகொண்டிருந்தாள்.

"ப்பா, நாளைக்கு மிஸ் ஒத்துக்கிருவாங்கல்ல?"

"ம்."

'ம்' என்றவன் நான்தான். பதிவு செய்துவைக்கிறேன்.

போகாமல் இருந்துவிட்டால்? செல்வியிடம் கேட்டேன்.

"காச்சல்னு சொல்லுங்க. அதையும் நம்பிருவா. நீங்க என்ன சொன்னாலும் நம்புற கழுதைதான அது."

மாவு பிசையப் போனேன். இரண்டு கிலோ. தண்ணீர் கொஞ்சம் கூடிப்போச்சு. கை தொழிலில் இருந்தது, மனசு எங்கேயோ.

செப். 19, வெள்ளி

விடியும்போதே முழிப்பு. கிழக்கே கீறல் நிலா, அதை ஒட்டினாற்போல் ஒரு பெரிய வெள்ளி. அழகு. பார்க்கவே பயமாக இருந்தது.

வகுப்பு. ஜன்னலுக்குப் போர்வை, நடுவில் பல்பு, சுற்றி முப்பத்தாறு பேர். மிஸ் சொல்ல, பிள்ளைகள் உருண்டையைப் பென்சிலில் குத்தினார்கள். குத்தியதும் எல்லா நிலாவும் பென்சில் வழியாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் புரிந்தது. பழக்க தோஷத்தில் உருண்டை பிடித்ததும் எண்ணெய் தடவி, ஈரத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். பரோட்டாவுக்கு அதுதான் முறை. நிலாவுக்கு இல்லை. வழுக்குகிறது, தொங்குகிறது. அதோடு மினுமினு என்று சுற்றிலும் பளபளப்பு. இருட்டுப் பக்கமே இல்லை.

"அங்கிள், சால்னா எங்க?" ஒரு பயல். வகுப்பே சிரிப்பு. யாழினி மட்டும் சிரிக்கவில்லை.

நல்லவேளை, பையில் வறட்டு மைதா அரைக் கிலோ. எல்லா உருண்டையையும் துடைத்து, இறுக்கிப் பிடித்து, மாவில் புரட்டினோம். மிஸ் புடவை, என் சட்டை, பிள்ளைகள் மூக்கு எல்லாம் வெள்ளை. ஆனால் நிலாவும் வெள்ளை. இந்தப் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் இருட்டு, கோடு போட்டாற்போல்.

எல்லோரும் சுற்றினார்கள். "ஐ, பிறை!" "எனக்குப் பாதி!" "மிஸ், இவன் என் நிலாவ இடிக்கிறான்!"

அந்த இரைச்சலில் யாழினி: "ப்பா. இப்ப நெழல காட்டுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அது இன்னும் மோசம்.

"நீயே தேடிப் பாரு பாப்பா. நானும் ரெண்டு நாளாத் தேடுறேன்" என்றேன்.

தேடினாள். கையை ஆட்டிப் பார்த்தாள். தலையை ஆட்டிப் பார்த்தாள். சுவரில் இருந்த நிழல் ஆடியது, நிலாவில் இருந்த இருட்டு ஆடவில்லை.

"என் தலை நெழலு அங்க இருக்கு. அப்ப இந்த இருட்டு?"

"லைட்டு படாத பக்கம்."

"அப்ப நீங்க சொன்னது?"

"தப்பு. கிரகணத்துக்கு மட்டுந்தான் அது. மத்ததுக்கு மிஸ் சொன்னதுதான் சரி. எனக்கு புதன்கெழமையே தெரிஞ்சு போச்சு. ஒங்கிட்ட சொல்லல."

"யாழினி அப்பா அவுட்டு!" என்றான் சால்னாப் பயல். மிஸ் அவனை அதட்டிவிட்டு, எனக்குக் கை தட்டச் சொன்னார். தட்டினார்கள். யாழினி தட்டவில்லை.

திரும்பும்போது வண்டியில் என் சட்டையைப் பிடிக்கவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ரவுண்டானாவில் மெதுவாகத் திரும்பினேன்.

செப். 20, சனி

புரட்டாசி முதல் சனி. வீட்டில் பெருமாளுக்குத் தளிகை, கடை காற்று வாங்குகிறது. மழை வரும்போல் இருந்து வரவில்லை.

பேச்சு இல்லை. எல்லாம் செல்வி வழியாகத்தான். "அம்மா, அவங்கள தண்ணி பாட்டில எடுக்கச் சொல்லு."

அவள் கோபம் தப்பாகச் சொன்னதற்கா, தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கா? கேட்டுவிடலாம். தைரியம் இல்லை.

மதியம் என் தட்டுப் பக்கத்தில் அறிவியல் நோட்டு. சரியான விடை, ஐந்து தடவை, குண்டு குண்டாக. கீழே ஒன்று முதல் பத்து வரை நம்பர் மட்டும் போட்டு வெற்று வரிகள்.

"எதுக்காம் பத்து?" செல்வியிடம் கேட்டேன்.

அடுப்பங்கரையிலிருந்து மகளின் குரல்: "எழுதுனவளுக்கு அஞ்சு. சொல்லிக் குடுத்தவங்களுக்குப் பத்து."

எழுதினேன். ஏழாவதில் கை வலி. எட்டாவதில், நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை என்பதை இப்போதுதான் முதல் தடவையாக ஒழுங்காகப் படிக்கிறேன் என்று தெரிந்தது. பத்தாவது முடிந்ததும் யாழினி வந்து சிவப்புப் பேனாவால் டிக் போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

செப். 21, ஞாயிறு

அமாவாசை. பூசணிக்காய், வாழைக்காய் வாங்கி வந்தேன். காலையில் வானத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். நிலா இல்லை.

பின்னால் யாழினி. வெள்ளிக்குப் பிறகு என்னோடு முதல் பேச்சு.

"ப்பா. இப்ப நிலா எங்க இருக்கு?"

வாயில் ஒரு பதில் தயாராக வந்து நின்றது. நல்ல பதில், உறுதியான குரல். விழுங்கிவிட்டேன்.

"தெரியலம்மா."

"நெசமாவே தெரியலயா?"

"நெசமாவே."

உள்ளே போய் பல்பை எடுத்து வந்தாள்.

"மாவு பெசைங்க. எண்ண தடவாம."